கொதித்த ரேடியேட்டரும் கோட்டை ஜன்னலும்

வேன் டிரைவருக்கு அன்றைக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கோட்டைக்குள் இருக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது. இரண்டு, கூட்டத்தை அழைத்துப் போகும் வழிகாட்டிப் பெண்ணுக்கு இவர்தான் அப்பா என்பது ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது. இரண்டையும் போட்டது வேறு யாருமில்லை, அந்தப் பெண்ணேதான்.

முதல் நிபந்தனையே அக்கிரமம். மற்றவர்களுக்கு மூச்சு எப்படியோ அப்படி இவருக்குப் பேச்சு. மலையடிவாரத்து ரயில் நிலையத்தில் இறங்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் இருக்கும் பழைய கோட்டையின் வாசலில் விடுவது அவர் தொழில். கையும் காலும் பாட்டுக்கு வண்டியை ஓட்டும், வாய் பாட்டுக்குக் கோட்டைக் கதையை ஓட்டும். கோட்டைத் தலைவனுக்கு மலை மாதிரி உடம்பாம், எட்டு ஆள் சேர்ந்து தூக்கினால்தான் குதிரை ஏறுவானாம். கிணற்றுக்குள் இறங்கினால் சுரங்கம் வழியாகப் பக்கத்து ஊரில் போய் எழுந்திருக்கலாமாம். வாசல் சுவரில் பதிந்திருக்கும் இரும்புக் குண்டு, எதிரி சுட்டபோது ராணியின் கையிலிருந்த விசிறியைத் தட்டிவிட்டு வந்து சொருகிக்கொண்டதாம். எல்லாம் சொந்தச் சரக்கு. மற்ற வேன்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அளப்பண்ணன். அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மனிதர் இத்தனை வருஷத்தில் கோட்டைக்குள் ஒருநாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை. வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்பது வெளியே சொல்லும் காரணம். உள்காரணம் வேறு. உள்ளே மூன்று மியூசியம் இருக்கிறது. மியூசியம் என்றால் பலகை இருக்கும். பலகையில் நிஜம் எழுதியிருக்கும். அதைப் படித்துத் தொலைத்தால் அப்புறம் எப்படி மனசறிந்து அளப்பது? அந்த விஷயத்தில் அவர் ரொம்ப நேர்மையானவர்.

வினை வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகள் வேனின் முன்சீட்டிலேயே கிடப்பாள். கதை கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், படித்தால் சரித்திரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று படித்தாள். படித்து முடித்து வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் கதைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உடைத்தாள். "ஆதாரம் இருக்காப்பா?" சாப்பிடும்போதும் இதே கேள்வி, செருப்பு மாட்டும்போதும் இதே கேள்வி. ஆதாரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

இப்போது அதே கோட்டையில் வழிகாட்டி வேலைக்குப் பயிற்சியை முடித்திருக்கிறாள். பரீட்சை மட்டும் பாக்கி. நிஜப் பயணிகள் கூட்டம் ஒன்றைக் கோட்டை முழுக்க அழைத்துப் போய்க் காட்டவேண்டும். மூன்று மியூசியத்துக்கும் தலைவரான காப்பாட்சியர் அம்மா பின்னாலேயே வந்து கேட்பார். தேறினால் நிரந்தர வேலை, தேறாவிட்டால் வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அந்த அம்மாவிடம் ஒரே ஒரு சட்டம். ஆதாரம் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட வரக்கூடாது. போன வருஷம் ஒருவன் பிரமாதமாகப் பேசிக்கொண்டே வந்து, கடைசியில் ஆர்வக்கோளாறில் ஒரு பேய்க்கதையை எடுத்துவிட்டான். "ரொம்ப நன்றி, நீங்க கிளம்பலாம்" என்று படிக்கட்டிலேயே சொல்லிவிட்டாராம்.

"அம்மா வரட்டும். அப்பா வேண்டாம்," என்றாள் மகள், முந்தின நாள் சாயங்காலம் சீருடைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"இன்னும் பண்ணலை. வந்தா பண்ணுவீங்க."

அவர் மனைவிதான் பரிந்து பேசினாள். "பாவம்டி. பெத்த மனுஷனுக்கு நீ பேசறதைக் கேக்கணும்னு ஆசை இருக்காதா? நான் பக்கத்துலயே நிக்கறேன். வாயைத் திறந்தா ஒரே கிள்ளு."

மகள் யோசித்தாள். "சரி. ஒரு வார்த்தை பேசக்கூடாது. அப்புறம்..." இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நீங்க என் அப்பான்னு யாருக்கும் தெரிய வேண்டாம்ப்பா. அளப்பண்ணன் பொண்ணுன்னு தெரிஞ்சா, நான் சொல்றதை எவன் நம்புவான்?"

அவர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? "சரிதான், நியாயம்தான்" என்றுகூடச் சொன்னார். ஆனால் சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் கைதட்டிக் கேட்கும் வாய், சொந்த மகளுக்குத் தலைக்குனிவாகிப் போச்சே என்று இருந்தது. படுக்கப் போகும்போது மனைவியிடம், "நாளைக்கு நான் கல்லு மாதிரி இருக்கேன் பாரு," என்றார். "பாக்கத்தானே போறேன்," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கியவரைப் பார்த்து வேன் நிறுத்துமிடமே எழுந்து நின்றது.

"என்ன அளப்பண்ணே, மாப்பிள்ளை மாதிரி!"

அவர் பதில் சொல்லவில்லை. இப்போதிருந்தே பழகிக்கொள்வோம் என்று உதட்டைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டினார். வேன்காரர்கள் பதறிப்போனார்கள். "அண்ணி, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று ஒருவன் நிஜமாகவே கேட்டான்.

வாசலில் கூட்டம் சேர்ந்தது. கேமராவைக் கழுத்தில் மாட்டிய நாலைந்து பேர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, பேக்கரி நடத்தும் ஒருவரும் அவர் மனைவியும். பேக்கரிக்காரர் அக்குளில் தட்டையாக எதையோ துணியில் சுற்றி இடுக்கியிருந்தார். எல்லோருக்கும் பின்னால், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டபடி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு காப்பாட்சியர் அம்மா. அந்தத் தலைச் சாய்ப்பைப் பார்த்ததுமே டிரைவர் மனைவியின் பக்கம் ஒண்டிக்கொண்டார்.

மகள் வந்தாள். நேற்று இஸ்திரி போட்ட நீலக் கோட்டு, மார்பில் ஒரு வில்லை. அப்பாவைப் பார்த்தாள், யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். குரல் லேசாக நடுங்கியது. மனைவி அவர் முழங்கைக்கு மேலே இரண்டு விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

முதல் அடியே வாசலில் விழுந்தது. "இந்த இரும்புக் குண்டை எதிரிகள் சுட்டதா நிறைய பேர் நினைக்கறாங்க," என்றாள் மகள். "இல்லை. ரொம்பப் பின்னாடி, சுவரைப் பழுது பார்த்த கொத்தனார்கள் அழகுக்காகப் பதிச்சது. கூலிக் கணக்குல அதுக்குத் தனியா எழுதியிருக்கு." ராணியின் விசிறி போச்சு.

ஆயுத மியூசியத்தில் கோட்டைத் தலைவனின் கவசத்தைக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் அண்ணாந்து பார்க்கத் தயாராக வந்தார். பார்த்தால், குனிய வேண்டியிருந்தது! அவர் தோளுக்குத்தான் இருந்தது கவசம். "ஆள் குள்ளம், ஒல்லி. தானே தாவி ஏறுவான்," என்றாள் மகள். எட்டு ஆளையும் இத்தனை வருஷம் சும்மா தூக்க வைத்துவிட்டோமே என்று டிரைவருக்கு அசடு வழிந்தது. முற்றத்துக் கிணறு கிணறே இல்லை, மழைத்தண்ணீர்த் தொட்டி. அடியில் தண்ணீரை வடிகட்ட மணலும் கரியும். சுரங்கமாவது மண்ணாவது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர் கதைகள் போன இடத்திலெல்லாம் மகள் வெறும் ஓட்டையை விட்டுவிட்டுப் போகவில்லை. சமையற்கட்டு மியூசியத்தில் பழைய கூரை ஓடு ஒன்றைக் காட்டினாள். ஓட்டின் மேல் நாய்க்கால் தடம். "ஓடு செஞ்சு வெயில்ல காய வச்சிருக்காங்க. ஈரம் காயறதுக்குள்ள ஒரு நாய் மேல ஏறி ஓடியிருக்கு. அடுத்த ஓடு பாருங்க, மனுஷன் கால். முன்பாதம் மட்டும் ஆழமா பதிஞ்சிருக்கு. அப்படின்னா ஆளும் ஓடியிருக்கான். பின்னாடியே துரத்தியிருக்கான்!"

கூட்டம் மொத்தமும் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது. டிரைவர் வாயைப் பிளந்து நின்றார். அடேயப்பா, எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஓடிய நாய்! இதை நான் அளந்திருந்தால் ஒரு பயல் நம்பியிருக்க மாட்டான் என்று நினைத்தார். அவருக்கு ஒரு கேள்வி தொண்டையில் வந்து நின்று முட்டியது. கையைத் தூக்கினார். மனைவி இழுத்து இறக்கினாள். அவள் காதில் கிசுகிசுத்தார். அவள் அலுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, நாய் மாட்டுச்சா?"

"அதுக்கு ஆதாரம் இல்லைம்மா," என்றாள் மகள், பரீட்சையில் இருக்கிறோம் என்பதையே மறந்து சிரித்தபடி.

அம்மா என்று கூப்பிட்டதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்தப் பெண்ணையும் அம்மா என்று கூப்பிடலாமே. மனைவிக்கு அந்த வசதி இருந்தது. தனக்குத்தான் இல்லை என்று டிரைவர் பொறாமைப்பட்டார்.

அடுத்த கூடத்துக்குப் போகும் வழியில் சுவர் நெடுக மெல்லிசாக ஒரு செங்கல் கோடு ஓடியது. ஓரிடத்தில் முழங்கால் உயரம், ஓரிடத்தில் தலைக்கு மேலே. மகள் அதில் கையை வைத்தாள். "கோட்டை பாதி இடிஞ்சு கிடந்தது. புதுப்பிச்சவங்க அதே மலைக் கல்லை வெட்டி, அதே மாதிரி சுண்ணாம்பு கலந்து கட்டினாங்க. முடிச்சுப் பாத்தா எது பழசு, எது புதுசுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால நடுவுல இந்தச் செங்கல் கோடு போட்டாங்க. கீழே இருக்கறது அந்தக் காலத்தவங்க கட்டினது. மேலே இருக்கறது நாம கட்டினது. பாக்க வர்றவங்களை ஏமாத்தக்கூடாது இல்லையா?"

காப்பாட்சியர் அம்மாவின் தலை நேரானது. நல்ல அறிகுறியோ என்னவோ. டிரைவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அந்தச் செங்கல் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைக் குத்திச் சொல்லவில்லை, ஆனாலும் குத்தியது. நம்ம கதைக்கு நடுவில் ஒருநாளாவது ஒரு கோடு போட்டோமா? அதற்குமேல் ஒரு சந்தோஷமும் பொங்கிக்கொண்டு வந்தது. என்னமா பேசுகிறாள் என் பொண்ணு! நடுக்கமெல்லாம் போய், சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி காட்டுகிறாள். பக்கத்தில் நின்ற கேமராக்காரரின் தோளைத் தட்டி, "என் பொண்ணுங்க" என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. மனைவிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, கிள்ளினாள்.

மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கோட்டைச் சுவரை ஒட்டிய நடைபாதை. முன்பு வேன் போகும் பாதை அதுதான். புதுப்பித்தபோது வண்டிப் பாதையை மாற்றிவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் மேற்குக் கோபுரம். அதன் வயிற்றிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு ஒரு சின்னக் கல் அறை, அதில் ஒரு சின்ன ஜன்னல்.

பேக்கரிக்காரர் அக்குளிலிருந்த துணியைப் பிரித்தார். சட்டம் போட்ட ஒரு பழைய படம். இதே இடம், இதே ஜன்னல், கீழே ஒல்லியாக ஒரு பையன், இரட்டைச் சடையோடு ஒரு பெண். இரண்டு பேரும் கோணல்மாணலாகச் சிரிக்கிறார்கள்.

"இது நாங்கதான்," என்றார் அவர் மனைவி எல்லோருக்கும் காட்டி. "அப்போ இவருக்கு என்கிட்ட பேசறதுக்கே பயம். கூட்டத்தோட கூட்டமா வேன்ல வந்தோம். இங்க வண்டியை நிறுத்திட்டு அந்த டிரைவர் சொன்னார் பாருங்க ஒரு கதை! கோட்டைத் தலைவன் சண்டைக்குப் போயிட்டானாம். ராணி தினமும் சாயங்காலம் இந்த ஜன்னல்ல விளக்கை வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்தாளாம். கடைசியில அவன் வந்து கீழே நின்னு கூப்பிட்டதும் அப்படியே ஓடி வந்தாளாம். இந்த ஜன்னலுக்குக் கீழே நின்னு கேட்டா எந்தப் பொண்ணும் மாட்டேன்னு சொல்ல மாட்டான்னு சொன்னார். இவர் கேட்டுட்டார். நான் மாட்டேன்னு சொல்லலை." அவர் கண் பளபளத்தது. "இன்னைக்கு எங்களுக்குக் கல்யாண நாள். இந்தப் படத்தை ஹால்ல மாட்டி வச்சிருக்கோம், வர்றவங்களுக்கெல்லாம் ராணி கதையைச் சொல்வோம். நீங்க படிச்சவங்க, முழுக் கதையும் ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்கம்மா."

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கதைதான். வேறு யார் கதை? பழைய வேனுக்கு இந்த வளைவுக்கு வந்தால் ரேடியேட்டர் கொதித்துவிடும். அது ஆறும்வரை பயணிகள் எரிச்சல்படாமல் இருக்க ஏதாவது சொல்லவேண்டும். தலையைத் தூக்கினால் தெரிந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். ரேடியேட்டர் ஆற நேரம் ஆக ஆக, ராணி காத்திருந்த காலமும் நீண்டுகொண்டே போனது. அந்தப் பையனும் இப்போது ஞாபகத்துக்கு வந்தான். தண்ணீர் ஊற்ற உதவுகிறேன் என்று வந்து, சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டவன். நல்லவேளை, இவருக்கு அப்போது இருந்த பெரிய மீசையும் முடியும் இப்போது இல்லை. அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

மகளுக்குத் தெரிந்துவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்ட கதை! அவள் கண் ஒரு நொடி அப்பாவிடம் வந்து போனது. காப்பாட்சியர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

ஆமாம் என்று சொன்னால் வேலை போச்சு. இல்லை என்று சொன்னால் கல்யாண நாளும் அதுவுமாகப் பேக்கரிக்காரர் மனைவியின் மனசு போச்சு. பாவி, என் வாயால் என் பொண்ணு மாட்டிக்கிட்டாளே என்று டிரைவர் தவித்தார்.

"அம்மா," என்றாள் மகள் மெதுவாக. "அது கழிப்பறை."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

"உள்ளே ஓட்டை போட்ட கல் பலகை இருக்கு. நாற்றம் உள்ளே வராம இருக்க சுவருக்கு வெளியே துருத்திக்கிட்டு இருக்கற மாதிரி கட்டுவாங்க. ஜன்னல் காத்துக்காக."

பேக்கரிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கீழே பார்த்தார். படத்தைப் பார்த்தார். "அப்போ... நாங்க நின்ன இடம்..."

"விழற இடம்தான் சார். ஆனா நீங்க நின்னப்போ பல நூறு வருஷமா யாரும் போகலை. அதுக்கு ஆதாரம் இருக்கு."

கேமராக்காரர் ஒருவர் பக்கென்று சிரித்துவிட்டார். கூட்டத்தில் ஆளாளுக்குச் சிரிப்பை அடக்கினார்கள். பேக்கரிக்காரர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. படத்தைப் புருஷன் கையிலிருந்து வாங்கித் துணியில் சுற்றப் பார்த்தார்.

"சுத்தாதீங்கம்மா," என்றாள் மகள். "நான் இன்னும் முடிக்கலை. ராணி இங்க நின்னாளான்னு கேட்டா, எங்ககிட்ட ஆதாரம் இல்லை. தலைவன் வந்து கூப்பிட்டானான்னு கேட்டா, அதுக்கும் இல்லை. இந்தக் கோட்டையில யார் யாரை விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு ஒரு வரிகூட எழுதி வைக்கலை. நான் தேடிப் பாத்துட்டேன். இந்த ஜன்னலுக்குக் கீழே ஒருத்தர் தைரியமா கேட்டு, ஒருத்தர் சரின்னு சொன்னதுக்கு ஒரே ஒரு ஆதாரம்தான் இருக்கு. அது உங்க கையில இருக்கு. இந்த இடத்தோட காதல் கதைன்னு ஒண்ணு உண்மையா இருந்தா அது உங்களோடதுதான். இனிமே வர்றவங்களுக்கு ராணியை விட்டுட்டு அதைச் சொல்லுங்க."

அந்த அம்மா படத்தைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பேக்கரிக்காரர் பதறிக் கையைப் பிடித்தார். "கழிப்பறைக்குக் கீழே நிக்க வச்சுக் கேட்டிருக்கீங்களே, மனுஷா!" என்று அந்த அம்மா வெடித்துச் சிரித்தார். அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த கூட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. கைக்குழந்தைகூட என்னவென்று தெரியாமல் சிரித்தது.

"அந்த டிரைவர் மட்டும் கையில கிடைக்கட்டும்!" என்றார் அந்த அம்மா கண்ணைத் துடைத்தபடி.

"எனக்கும் அந்த ஆளைப் பாக்கணும்," என்றார் காப்பாட்சியர் அம்மா. சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். "மாசம் தவறாம யாராவது வந்து ராணி ஜன்னல் எங்கேன்னு கேக்கறாங்க. நான் உண்மையைச் சொன்னா என்னை முறைக்கறாங்க." மகள் பக்கம் திரும்பினார். "நீ அடிவாரத்துலயிருந்துதானே வர்றே? அந்த டிரைவர் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மகள் வாயைத் திறந்தாள். தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் அளப்பண்ணன் பொண்ணு. இவ்வளவு நேரம் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் ஒரு நொடியில் சரிந்துவிடும் என்று டிரைவருக்குத் தோன்றியது. மனைவியின் விரல்கள் நெருங்கின. அதற்குள் அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய்விட்டார்.

"நான்தாங்க அது. நான்தான் அந்த டிரைவர். கதை என்னோடது. இந்த வளைவுக்கு வந்தா ரேடியேட்டர் கொதிக்கும்ங்க, அதான் ராணியைக் கொண்டாந்து நிறுத்தினேன். என்னை என்ன வேணா சொல்லுங்க." காலையிலிருந்து அடைத்து வைத்த வாய், மடை திறந்ததுபோல் ஓடியது. "ஆனா இந்தப் பொண்ணுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க. சத்தியமா இன்னைக்குத்தான் முதல்முறையா பாக்கறேன். யார் பெத்த பொண்ணோ, என்ன அழகா பேசுது! இதுக்கு வேலை குடுக்கலைன்னா வேற யாருக்குக் குடுப்பீங்க?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

காப்பாட்சியர் அம்மா டிரைவரை மேலும் கீழும் பார்த்தார். மகள் நிமிர்ந்தாள். காலையிலிருந்து குண்டையும் கவசத்தையும் தொட்டியையும் பற்றிப் பேசினாளே, அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு திருத்தம். இவர் டிரைவர்ங்கறது உண்மை. கதை இவரோடதுங்கறது உண்மை. ரேடியேட்டர் கொதிச்சதும் உண்மை, முன்சீட்டுல உக்காந்து நானே பாத்திருக்கேன். அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நிஜமா என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் நான் சரித்திரமே படிக்கப் போனேன்." அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னாரே, அது மட்டும் பொய். இவர் எங்க அப்பா."

"அது அந்த மூக்கைப் பாத்தாலே தெரியுதே," என்றார் காப்பாட்சியர் அம்மா. அவருக்கும் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "சொந்த அப்பாவோட பொய்யையே விடாத பொண்ணை நான் எங்கே போய்த் தேடுவேன்? வேலை உனக்குத்தான். நீங்க சார், இனிமே மாசம் ஒரு தடவை உள்ளே வந்து இவ பேசறதைக் கேளுங்க. கேட்டுட்டுப் போய் உங்க வண்டியில என்ன வேணா அளங்க, ஆனா நடுவுல ஒரு கோடு போட்டுட்டு அளங்க." அப்புறம் வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார். "ஏன் எல்லாரும் நிக்கறீங்க? இன்னும் ஒரு மியூசியம் பாக்கி இருக்கு."

பேக்கரிக்காரர் ஓடி வந்து டிரைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்த மீசை எங்கேண்ணே?" என்று கேட்டார். கேமராக்காரர்கள் ஜன்னலுக்குக் கீழே தம்பதியை நிறுத்திப் படமெடுத்தார்கள். அந்த அம்மா ஓரடி தள்ளியே நின்றார். கூட்டம் மறுபடி ஒழுங்காகி, மகளுக்குப் பின்னால் கோட்டைக்குள் நுழைந்தது.

மூன்றாவது மியூசியத்தின் கதவு அந்தக் காலத்து ஆட்களுக்குக் கட்டியது, ரொம்பத் தாழ்வு. மகள் முதலில் நுழைந்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். டிரைவரின் முறை வந்ததும், கூடம் முழுக்க எதிரொலிக்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"அப்பா, தலை இடிக்கும். குனிஞ்சு வாங்கப்பா."

அவர் குனிந்தார். தேவைக்கு மேலேயே குனிந்து, வாசலிலேயே கொஞ்ச நேரம் அப்படி நின்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.